கருவாட்டு வாசம் வராத கிடங்கு

“கடலையே கண்ணால கண்டதில்ல இந்தப் புள்ள. இது துறைமுகத்தப் பத்தி எழுதி, அதப் படிச்சுட்டுத் தேயில கப்பல் ஏறப் போவுதாக்கும்!”

எங்கள் கந்தோரின் பெரிய கிளாக்கர் இப்படிச் சொன்னபோது நான் தட்டெழுத்து இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் மூன்றடிதான் இடைவெளி. முதலாளியிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ரயிலில் நான் போயிருந்த தூரம் மேலே பட்டிப்பொல, கீழே நாவலப்பிட்டி. கடல் என்பது பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில் நீலமாக இருந்த இடம். அதிலும் பாதி மழைநீர் ஒழுகி வெளுத்துப் போயிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம்; அட்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கந்தோர் இருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டத் தொழிற்சாலைகளில் இருந்து தேயிலைப் பெட்டிகளை லொறியில் இறக்கி, ரயிலில் ஏற்றி, கொழும்புத் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. எல்லாத் தேயிலையும் கொழும்புக்குத்தான் போகும். வேறு வழியும் இருக்கலாம் என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த வருடம் இன்னொரு துறைமுகத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் முதலாளியைத் தேடி வந்தார். கொழும்பைப்போல் பெரியதல்ல, கரையோர மாகாணம் ஒன்றின் துறைமுகம். கப்பல்கள் குறைவாக வருகின்றன, பாரந்தூக்கிகள் சும்மா நிற்கின்றன, மலைநாட்டுத் தேயிலையில் ஒரு பங்கு தங்கள் வழியாகப் போனால் கப்பல்களும் தேடி வரும் என்றார். தொழிற்சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம் என்று முதலாளி சொன்னார். தமிழிலும் இங்கிலிஷிலும் தட்டெழுதத் தெரிந்தவள் கந்தோரில் நான் ஒருத்திதான். அதனால்தான் பெரிய கிளாக்கருக்கு அந்தக் கோபம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு புள்ள. ஒன்ன ஆறு மாசம் பாக்குறதாத்தான் சேத்தேன். ஒரே ஒரு இஸ்டோரு, ஒரே ஒரு லொறி பெட்டி அந்தத் துறைமுகத்துக்கு அனுப்பட்டும். அந்த வேலை முழுக்க ஒன் பொறுப்பு, நிரந்தரமும் ஆக்கிடுறேன். அனுப்பலேன்னா ரெண்டு கிளாக்கருக்கு இங்க வேலை இல்ல. நான் என்னா செய்ய?”

இஸ்டோரு என்பது எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து இஸ்டோரில் என் அப்பா பெட்டி அடிப்பவர். அம்மா கொழுந்து எடுப்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதித் தேறியது நான்தான் முதல். அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இன்னும் வராததால் அரசாங்க வேலைக்கு என்னால் மனுப் போட முடியாது. இந்தக் கந்தோரும் போய்விட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் பதிந்து அம்மாவோடு மலைக்குப் போக வேண்டியதுதான். கொழுந்து எடுப்பதைக் கேவலமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் என்னைப் படிக்க வைப்பது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதிகாரி விட்டுப்போன தாள்கள் பத்துப் பக்கம், எல்லாம் இங்கிலிஷ். நுழைவாயிலின் ஆழம், கரைத்தளத்தின் நீளம், கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே அழைத்துவரும் படகு, இழுவைப் படகு, பாரந்தூக்கி, குடிநீர்க் குழாய், எண்ணெய், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை, மாலுமிகளுக்கு வைத்தியர். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இது முழுக்கக் கப்பல்காரனுக்குச் சொல்லும் செய்தி. தேயிலைக்காரனுக்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒன்பது வயதில் ஒரு டீமேக்கரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டு இஸ்டோருக்குப் போயிருந்தேன். வாசற்படியில் கால் வைக்கவில்லை, உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

“ஏய், ஏய்! அங்கயே நில்லு! தூக்குச்சட்டியில என்னா?”

“கருவாட்டுக் கொழம்புங்க.”

“வெளிய போ, வெளிய! லண்டன்காரன் தேத்தண்ணியில ஒங்கம்மா வச்ச கருவாடு மணக்கணுமா?”

அப்பா வெளியே வந்து, தண்ணீர் ஓடும் கானோரக் கல்லில் குந்திச் சாப்பிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். தேயிலைத் தூள் பக்கத்தில் இருப்பதை எல்லாம் குடித்துவிடும். மண்ணெண்ணெய், சவர்க்காரம், தலையில் வைத்த பூ, எதுவானாலும். சலிக்கிற அறையில் வேலை செய்யும் பெண்கள் தலைக்கு வாசனை எண்ணெய்கூட வைக்க மாட்டார்கள். இது தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பத்துப் பக்கத்தில், துறைமுகக் கிடங்கில் தேயிலைக்கு முன்னால் என்ன வைத்திருந்தார்கள் என்று ஒரு சொல் இல்லை.

ஆகவே நான் ஒரே பக்கத்தில் எழுதினேன். முதலில் கிடங்கு: கூரை ஓடா தகரமா, சீமெந்துத் தரையில் பலகை விரித்திருக்கிறதா, பக்கத்தில் என்ன இருக்கிறது. அடுத்து, ரயிலிலிருந்து கப்பல் வரை ஒரு பெட்டி எத்தனை கை மாறும். பதில் தெரியாத இடங்களை வெறுமையாக விட்டேன். மற்ற வசதிகளைக் கீழே ஒரு பத்தியில் சுருக்கினேன். ஆழத்தைச் சேர்க்கவே இல்லை. அது மறதியல்ல, தேவையில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் அதிகாரி வந்து தாளைக் கையில் எடுத்தார். கரையோரத் தமிழ் அவருடையது. நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம், குளிருக்கு இரண்டு சட்டை போட்டிருந்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தேடினார்.

“பிள்ளை, எங்கட ஆழம் எங்க?”

“எந்த ஆழம், சேர்?”

“எந்த ஆழமோ! எவ்வளவு பெரிய கப்பலும் கரையோட வந்து ஒட்டி நிக்கும். எங்கட பெருமையே அதுதான். முதல் வரியில வர வேண்டியதை நீங்க எழுதவே இல்லையே!”

“எங்க ஊர்ல ஆழம்னா லொறி உருளுற எடம், சேர். நீங்க கினிகத்தேனை வழியாத்தானே வந்தீங்க? வளைவுல எட்டிப் பாத்திருப்பீங்களே. அத மொத வரியில போட்டா எந்த டீமேக்கரும் பெட்டி அனுப்ப மாட்டாரு.”

முதலாளி சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்தார். பெரிய கிளாக்கர் மட்டும், “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று பேரேட்டைப் புரட்டினார்.

“சரி, இந்த வெறும் இடங்கள் என்னத்துக்கு?” என்றார் அதிகாரி.

“அங்க என்னா வாசம் வருதுன்னு எனக்குத் தெரியாது சேர். தெரியாதத எழுத மாட்டேன்.”

அவர் தாளை மடித்து வைத்தார். பிறகு முதலாளியிடம், “இவவை ஒருக்கா அனுப்புங்கோ. வந்து பாத்திட்டு எழுதட்டும்” என்றார்.

தனியாக அனுப்ப வீட்டில் சம்மதமில்லை. அம்மா மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். பெட்டியும் படுக்கையும் இல்லாத பயணம். ஒரு பையில் மாற்றுச் சேலை, ரொட்டி, தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளில் ஒரு பொட்டலம். போகிற இடத்தில் தேத்தண்ணி எப்படி இருக்குமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். ரயில் மாறி ரயில் ஏறி, மறுநாள் காலை போய் இறங்கினோம்.

கடலைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மலை ஒன்றும் இல்லாமல் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அம்மா வேறு விதம். கரைத்தளத்தில் நடந்துகொண்டே அதிகாரி பெருமையோடு ஒவ்வொன்றாகக் காட்ட, அவள் ஒவ்வொன்றுக்கும் கேள்வி வைத்தாள்.

“இவ்ளோ தண்ணிய வச்சுக்கிட்டு, கப்பலுக்குன்னு தனியாத் தண்ணிக் கொழா போட்டிருக்கீங்களே தொர?”

“இது உப்பு அம்மா. குடிக்க ஏலாது.”

“அப்ப இவ்ளோவும் வீண்தானா?”

பாரந்தூக்கியைக் கண்டதும் அண்ணாந்து நின்றுவிட்டாள். “இது பெட்டியத் தூக்குமா, எங்க லயத்தையே தூக்குமா?”

அதன் நிழலில் நாலைந்து தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கரையில் ஒரே ஒரு கப்பல்தான் நின்றது. நாங்கள் தேயிலை விஷயமாக வந்தவர்கள் என்று தெரிந்ததும் அவர்கள் எழுந்து நின்றார்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்களா என்று நிற்கும் எங்கள் ஆட்களின் முகம் அப்படித்தான் இருக்கும். அதுவரை எனக்கு என் வேலைதான் பெரிதாக இருந்தது. அந்த நிமிடம் அவர்களுடைய வேலையும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது என்று பட்டது.

பிறகு கிடங்கு. பெரியது, சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார்கள், தண்டவாளத்துக்கும் பாரந்தூக்கிக்கும் பக்கத்திலேயே. அதிகாரி கதவைத் தள்ளித் திறந்து, “இதுதான் தேயிலைக்கெண்டு ஒதுக்கினது” என்றார். அம்மா வாசலிலேயே நின்றாள். நானும் நின்றேன். இரண்டு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தோம்.

“கருவாடு” என்றாள் அம்மா.

“கருவாடோ? இங்க ஒரு நாளும் வச்சதில்லை, அம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வியாபாரி காயப் போடுறார். அது வெளியில. உங்களுக்கு மணக்குதோ?” என்று அவரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சுவாசிக்கும் காற்று அது.

அதிகாரிக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு மூக்குகளின் பேச்சை வைத்து ஒரு துறைமுகத்தைக் குறை சொல்வது சரியல்ல என்று எனக்கும் தோன்றியது. பெரிய கிளாக்கர் கேட்டால் என்ன சொல்வேன்? அப்பாவின் இஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வெள்ளையடித்த அறையிலோ, சாமான் மாற்றிய அறையிலோ பெட்டியை அடுக்குமுன், ஒரு தட்டில் தூளைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு அதை ஊற்றிக் குடித்துப் பார்ப்பார்கள். நாக்கு ஒத்துக்கொண்டால்தான் பெட்டி உள்ளே போகும்.

“சேர், வேற கிடங்கு இருக்கா?”

“இருக்கு. அந்தக் கோடியில. சீமெந்து மூட்டை வச்சிருந்தது, இப்ப வெறுமை. பாரந்தூக்கிக்குத் தூரம் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை.”

“ரெண்டு தட்டு தருவீங்களா?”

சிற்றுண்டிச்சாலையிலிருந்து இரண்டு தட்டுகள் வந்தன. அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்து, பாரந்தூக்கிக்குப் பக்கத்துக் கிடங்கில் ஒன்று, கோடிக் கிடங்கில் ஒன்று என்று தூளைப் பரப்பி வைத்தேன். கிடங்குக் காவலர் சிங்களத்தில், “இது என்ன நோனா, பூஜையா?” என்று கேட்டார். பரீட்சை என்று சிங்களத்திலேயே பதில் சொன்னேன். கதவுகளைப் பூட்டிச் சாவியை அவர் வைத்துக்கொண்டார். பகல் முழுவதும் பட்டறை, இழுவைப் படகு, வைத்தியர் அறை என்று மிச்சத்தைப் பார்த்தோம்.

மாலை நாலு மணிக்குச் சிற்றுண்டிச்சாலையில் மூன்று கோப்பை வரிசையாக வைத்தேன். முதலாவது பொட்டலத்திலேயே இருந்த தூள், இரண்டாவது பக்கத்துக் கிடங்கு, மூன்றாவது கோடிக் கிடங்கு. சீனி போடாமல், பால் போடாமல். பாரந்தூக்கித் தொழிலாளிகளும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். அதிகாரி முதல் கோப்பையை ஒரு வாய் குடித்தார். தலையாட்டினார். இரண்டாவதை வாயில் வைத்தார். அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

“கடவுளே” என்றார். “இதில மீன் நிக்குது.”

மூன்றாவதை மெதுவாகக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். முழுவதையும் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். தொழிலாளிகளில் ஒருவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கோடிக் கிடங்கே தேயிலைக்கு என்று அங்கேயே முடிவானது. கழுவி வெள்ளையடித்து, தரையில் பலகை விரிப்பதாகவும், தள்ளுவண்டி ஓடப் பாதை போடுவதாகவும் அதிகாரி எழுதிக் கொடுத்தார். அட்டனுக்குத் திரும்பி வந்து வெறும் இடங்களை நிரப்பினேன். ஆழத்தையும் இந்தத் தடவை எழுதினேன். ஆனால் இப்படி: “கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும். பெட்டியைப் படகில் இறக்கி மறுபடி கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. ஆகவே இரண்டு கை மாற்றம் குறைவு. பெட்டி மூலை உடையாது.” அடுத்து, “பெட்டி அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கிடங்கில் திறந்த தூள் வைத்து ருசி பார்க்கப்படும்” என்று சேர்த்தேன்.

சுற்றறிக்கை எல்லாத் தோட்டங்களுக்கும் போனது. ஒரு மாதம் பதில் இல்லை. பெரிய கிளாக்கர் தினமும் காலையில் ஜன்னலால் எட்டிப் பார்த்து, “என்னா புள்ள, கப்பல் அட்டனுக்கே வந்துருச்சா?” என்பார். என் ஆறு மாதத்தில் மூன்று வாரம் மிச்சமிருந்தது.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. குடையை வாசலில் உதறிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தாலும் குரலைக் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டேன். ஒன்பது வயதில் என்னை வாசலில் நிறுத்திய டீமேக்கர். கையில் என் தாள்.

“இத எழுதுனது யாரு?”

பெரிய கிளாக்கர் என் பக்கம் கை காட்டினார். பிழை ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

“நீ நம்ம பெட்டி அடிக்கிறவரு மகதானே? இந்தத் தட்டு வச்சுப் பாக்குறது ஒனக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க ஐயா. ஒரு தடவ கருவாட்டுக் கொழம்போட வந்து ஒங்ககிட்ட ஏச்சு வாங்கினேன். அன்னையிலருந்து இஸ்டோரப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவருக்கு அந்த நாள் ஞாபகமில்லை. ஆனாலும் சிரித்தார்.

“துறைமுகத்துக்காரங்க எத்தனையோ காயிதம் அனுப்பியிருக்காங்க. கெடங்குல என்னா மணக்குதுன்னு எழுதுனவன் ஒருத்தனும் இல்ல. தோட்டத்துத் தொரகிட்ட பேசிட்டேன். ஒரு லொறி அனுப்புறோம். நல்லா இருந்தா மாசாமாசம்.”

அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். பெரிய கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஒரு லொறிதானே” என்றார். முதலாளி, “ஒரு லொறிதான் நான் கேட்டேன்” என்றார்.

அந்த லொறிப் பெட்டிகளை அப்பாதான் அடித்தார். பெட்டியில் துறைமுகத்தின் பெயர் போடுவதற்கு எழுத்து வெட்டிய தகரம் இஸ்டோரில் ஒன்றுதான் இருந்தது, கொழும்புக்கு. புதிய பெயரை நான் தகரத்தில் வரைந்து கொடுத்தேன்; அப்பா உளியால் வெட்டினார். எழுத்து அவருக்குத் தெரியாது. “எது மேல் பக்கம், சொல்லிடு. தலகீழாப் போட்டு ஒன் மானத்த வாங்கிடக் கூடாது” என்றார். மேல் ஓரத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக் காட்டினேன். ஒரு பெட்டிகூடத் தலைகீழாகவில்லை.

பெட்டிகள் மூலை உடையாமல் கப்பலேறிய செய்தி தந்தியாக வந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. ஒரு இஸ்டோர் மூன்றாகி, மூன்று ஏழாகின. இப்போது எண்பதுகள் தொடங்கிவிட்டன. போன மாதம் அதிகாரி முதலாளிக்கு எழுதியிருந்தார்: மலைநாட்டுப் பெட்டிகளை இறக்கி அடுக்கும்போது கூட நிற்க உங்கள் ஆள் ஒருவர் இங்கேயே வேண்டும், தேயிலையின் மூக்கு உள்ளவராக இருக்கட்டும் என்று. முதலாளி கடிதத்தை மேசைமேல் விரித்தபோது பெரிய கிளாக்கர் என்னிடம், “பொம்பளப் புள்ள, துறைமுகத்துல, அம்புட்டு ஆம்பளைங்க நடுவுல நிப்பியா?” என்று கேட்டார். இந்தத் தடவை அதில் ஏளனமில்லை, உண்மையான கவலைதான்.

“இஸ்டோர் வாசல்ல நின்னவதானே ஐயா” என்றேன். அங்கே கன்னியர் மடத்து விடுதியில் எனக்கு இடம் சொல்லியாகிவிட்டது. அம்மா போய்ப் பார்த்துச் சம்மதமும் சொல்லிவிட்டாள். கோடிக் கிடங்கின் இன்னொரு சாவி என் பெயரில் எழுதியிருக்கிறது.

என் உடுப்புகளும் புத்தகங்களும் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில்தான் போகின்றன. அப்பா அதற்குப் புதுத் தகர ஓரம் அடித்து, அந்த எழுத்துத் தகரத்தை வைத்துத் துறைமுகத்தின் பெயரைக் கறுப்பு மையில் போட்டார். கோடு கீறிய பக்கம் மேலே இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அந்தப் பெட்டியை முந்தாநாள் காலை ரயிலில் ஏற்றி, ரசீதை வாங்கிக்கொண்டேன்.